குளத்தை மூடிய பச்சை

குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குளத்துக்குத் தவளையும் தும்பியும் மறுபடி வரட்டும் என்று ஞாயிறுதோறும் ஆறேழு பேர் பாசி அள்ளினார்கள். லேசுப்பட்ட பாசி இல்லை அது. கரை எது, தண்ணீர் எது என்று பெரியவர்களுக்கே பிடிபடாதபடி, வெட்டிவிட்ட புல் மாதிரி ஒரே பச்சை. தள்ளுவண்டி போக இடைஞ்சலாக இருக்கிறதென்று அன்று காலை கம்பிவேலியை அறுத்து எடுத்தது, அந்த ஆறேழு பேரில் ஒருவரான சாட்சாத் நம் எலக்ட்ரீஷியன்தான்.

அவர் மகள் பட்டாணிக்கு நாலு வயது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி என்பதால் அப்பாவோடு வந்திருந்தாள். பிள்ளையை அதட்டத் தெரியாத மனுஷன் அவர். "கெஞ்சிக் கெஞ்சியே தலைமேல ஏத்தி வெச்சிருக்கீங்க" என்று மனைவி அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மண்வெட்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், பெஞ்சில் பிள்ளை இல்லை. பிஸ்கட் பொட்டலம் மட்டும் கிடந்தது.

"பட்டாணி?"

தொண்டை கிழியக் கூப்பிட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது, கரையோரம் பாசி விலகிக் கறுப்பாக ஒரு பொத்தல். சின்னப் பிள்ளை விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாசி நகர்ந்து அதை மூடிக்கொண்டிருந்தது.

குதித்துவிட்டார். நெஞ்சளவு தண்ணீர், அதற்கடியில் முழங்கால்வரை சேறு. முங்கி முங்கித் துழாவியதில் கையில் துணி தட்டியது. ஐயோ! அந்த ஒரு நொடியில் மனுஷன் செத்தே போனார். இழுத்துப் பார்த்தால், கரைக்கு முட்டுக்கொடுத்திருந்த மண் மூட்டை. சரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. அப்படியானால் பிள்ளை எங்கே?

"அப்பா!"

குடியிருப்பு வாசலில் நின்றாள். பக்கத்தில் அவள் தாய்மாமன், இரண்டு கையிலும் டீ டம்ளர். பாத்ரூம் வருகிறதென்று அவள் சொல்ல, யாரிடமும் மூச்சுவிடாமல் கூட்டிப்போயிருக்கிறது அந்த அறிவுக்கொழுந்து.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போயிற்று.

"ஐ! அப்பா புல்லுல உக்காந்திருக்காரு!" பிள்ளை கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள், நேராகக் குளத்தைப் பார்த்து.

"மச்சான், அவள புடி!"

மச்சான் டம்ளரை வைக்க இடம் தேடினான். இவர் காலை உருவப் பார்த்தார், சேறு விடவில்லை. "வராத தங்கம், வேணாம் கண்ணு" என்றார். கெஞ்சினால் அவள் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்? சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அங்கயே நில்லுடி! இன்னும் ஒரு அடி எடுத்து வெச்ச, கொன்னே போட்டுடுவேன்!"

அவருக்கே பழக்கமில்லாத குரல் அது. பிள்ளை நின்றாள். செருப்பு நுனி பாசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் கோணி, ஓவென்று அழுதாள். டம்ளர்களை வீசிவிட்டு மாமன் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மற்றவர்கள் கயிறு போட்டு அவரை வெளியே இழுத்தார்கள். சேறு சொட்டச் சொட்ட இரண்டு கையையும் மகளிடம் நீட்டினார். அவள் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"அப்பா வேணாம்."

"வேணாம்னா பரவால்லடா கண்ணு. மாமாகிட்டயே இரு" என்றவர், கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.