நூற்று நாற்பத்து நாலில் ஒரு ஜென்சி

மேலப்புதூர் தைரியராஜின் மனைவி ஜென்சி வெள்ளிக்கிழமை தோறும் மஸ்கட்டிலிருந்து வீட்டுக்கு வந்து போன காலத்தில் அவள் உயரம் ஒரு சென்டிமீட்டரும் சொச்சமும். காலை எட்டரைக்குச் சமையலறை ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் விமானம் நுழையும். மிக்சியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஊறுகாய் பாட்டிலுக்கும் உப்பு ஜாடிக்கும் இடையில் சாப்பாட்டு மேசை மேல் இறங்கும். கதவு திறந்து ஜென்சி வெளியே வருவாள். உயரம்தான் நூற்று நாற்பத்து நாலில் ஒரு பங்கு, குரல் முழு அளவு. இந்த மேசையைத் துடைத்து எத்தனை நாளாச்சு என்று அவள் கேட்பது தெருமுனை டீக்கடை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். தெருக்காரர்கள் முதல் மாதம் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது மாதம் அவள் குரலை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

தைரியராஜைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தாராளமாகச் சொல்லலாம், ஆனால் ‘முடித்தான்’ என்ற வார்த்தை அந்த நாலில் வராது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். துறைத் தேர்வில் மூன்று தாள் எழுதிவிட்டு நாலாவதற்குப் போகவில்லை. குளியலறைச் சுவருக்கு இடுப்பு உயரம் வரை டைல்ஸ் ஒட்டியவன், மேலே ஒட்டுவதற்கு இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் விமானங்கள் மேல் அவனுக்குப் பைத்தியம். பெட்டியில் துண்டு துண்டாக வருவதை வெட்டி, ஒட்டி, இடுக்குக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்து, எண்ணும் கொடியும் ஒட்டுவான். அதற்குமேல் ஒரே ஒரு வேலைதான் பாக்கி, வார்னிஷ். அதை மட்டும் அடிக்க மாட்டான். வார்னிஷ் அடித்தபின் தப்பு தெரிந்தால் திருத்த முடியாது என்பது அவன் பயம். அப்படி வார்னிஷ் காணாத விமானங்கள் நாற்பத்தொன்று அலமாரியில் தூசி வாங்கிக்கொண்டு நின்றன.

ஜென்சி நர்ஸ். மகள் ஜாஸ்லினுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது இரண்டு வருஷ காண்ட்ராக்டில் மஸ்கட் போனாள். திருச்சி ஏர்போர்ட் வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள்: “ஏதாவது ஒண்ணை முழுசா முடிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே வந்துடறேன்.” லீவுக்குக்கூட வராமல், அந்த இரண்டு வருஷம் நாலாகி, ஆறாகி, எட்டை நோக்கிப் போயிற்று. ஒவ்வொரு முறை காண்ட்ராக்ட் தாள் வரும்போதும், பாத்ரூம் டைல்ஸ் முடிஞ்சுதா என்று போனில் கேட்பாள். முடியவில்லை என்றதும் கையெழுத்துப் போடுவாள். தைரியராஜுக்கு அது நெஞ்சில் தைக்கும். தைத்த கையோடு இன்னொரு பெட்டி வாங்கிவிடுவான்.

விமானம் பறந்தது ஒரு தப்பால். எண்ணும் கொடியும் டீகால் என்ற மெல்லிய படலத்தில் வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்ட வேண்டும். வீட்டு போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், காய்ந்தால் படலத்தின் மேல் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் படிந்துவிடும். அன்றைக்குப் பார்த்து கார்ப்பரேஷன் தண்ணீரும் வரவில்லை. வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட பாட்டில் இருந்தது. வெளிநாடு போகுமுன் வேளாங்கண்ணிக்குப் போய் ஜென்சி கொண்டுவந்த மந்திரித்த தண்ணீர் அது. உப்பு இருக்காது என்ற ஒரே காரணத்துக்காக அதில் கொஞ்சம் ஊற்றி டீகாலை ஊறவைத்தான். அன்று அவன் செய்துகொண்டிருந்தது அவளை ஏற்றிப்போன அதே ரக விமானம், ஒன்றுக்கு நூற்று நாற்பத்து நாலு அளவு. எண் காய்ந்ததும் விமானம் மேசையை விட்டுக் கிளம்பி, ஜன்னல் வழியாக மேற்கே போய்விட்டது. காற்றில் விழுந்துவிட்டது என்று தைரியராஜ் கீழே சாக்கடை வரைக்கும் தேடினான். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜென்சியோடு திரும்பி வந்தது. மஸ்கட்டில் நர்சுகள் விடுதியின் பால்கனியில் இது வந்து நின்றதாகவும், கைப்பிடிச் சுவரில் காயப்போட்ட துண்டை எடுக்கப் போனவள் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

வந்தவள் வெகுநேரம் இருக்க முடியாது. வார்னிஷ் இல்லாத டீகால் சாயங்காலம் ஆனால் ஓரம் தூக்கும். எண் உரிந்த விமானம் பறக்காது என்பதால் ஐந்தரைக்குள் அவள் கிளம்பியாக வேண்டும். அதற்குள் எறும்புச் சாக்பீஸால் மேசையைச் சுற்றிக் கோடு போட்டு, பல்லியை விரட்டி, பேனா மூடியில் டீ ஊற்றிக் கொடுப்பான். ஜாஸ்லின் கன்னத்தை மேசையில் வைத்துப் படுத்துக்கொள்வாள். ஜென்சி எக்கி நின்று முத்தம் கொடுத்தால் கன்னத்தில் ஊசிமுனை அளவு ஈரம் படும். அந்த இடத்தை அந்தப் பெண் அன்று முழுக்கக் கழுவ மாட்டாள்.

விமானத்தில் நூற்றுச் சொச்சம் இருக்கை. விஷயம் மஸ்கட்டில் பரவ எத்தனை நாள் ஆகும்? முசிறிக்காரர், துறையூர்க்காரர் என்று வாரத்துக்கு நாலு பேர் ஜென்சிக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்தார்கள். தைரியராஜ் அவர்களை டிபன் பாக்ஸில் பஞ்சு விரித்து உட்காரவைத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்க் கண்டக்டர் கையில் ஒப்படைப்பான். உயரக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டிக்கெட் கிடையாது என்று கண்டக்டர்கள் ஒரே வாரத்தில் முடிவுக்கு வந்தார்கள். அவரவர் ஊருக்குப் போய், பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் அதே டிபன் பாக்ஸில் திரும்பிவிடுவார்கள்.

வார்னிஷின் சக்தி என்ன என்று தெரிந்தது ஸ்ரீரங்கம் ரங்கநாதனால். வங்கியில் வேலை செய்கிறவர், தைரியராஜைப் போலவே பிளாஸ்டிக் விமானப் பிரியர், ஆனால் எடுத்ததை முடிக்காமல் தூங்க மாட்டார். கோஷ்டியாகப் பாசுரம் சேவித்தால் கடைசியில் சாற்றுமுறை என்று அதை நிறைவு செய்தாக வேண்டும் என்று வளர்ந்த வீடு. ஒரு வெள்ளிக்கிழமை அவர் பறக்கும் விமானத்தைப் பார்க்க வந்தார். ஜென்சிக்கு அந்த வாரம் டூட்டி மாற்றிக் கிடைக்காததால் அவள் வரவில்லை. உப்பிலியபுரம் ராமர் என்பவர் மட்டும் வந்து, தன் ஊர் பஸ்ஸைத் தவறவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தைரியராஜ் டீ போட உள்ளே போன நேரத்தில், ரங்கநாதனின் கண் பளபளப்பில்லாத இறக்கையில் விழுந்துவிட்டது. “சாத்துமுறை ஆகாம கோஷ்டி கலையறதா ஓய்?” என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டே, பையிலிருந்த வார்னிஷ் ஸ்ப்ரேயை எடுத்து அடித்துவிட்டார். விமானம் அதற்குப் பிறகு அசையவே இல்லை. ராமரும் போகவில்லை, வளரவும் இல்லை. உப்பிலியபுரத்தில் இன்றைக்கும் அதே உயரத்தில் சௌக்கியமாக இருக்கிறார். ஒரு பருக்கைச் சோறு மூன்று வேளைக்கு வருகிறது. இப்போதுதான் சொன்ன பேச்சுக் கேட்கிறார் என்று அவர் மனைவி வேணிக்கு ஏகத் திருப்தி.

ஆக, வார்னிஷ் அடிக்கும்போது யார் இங்கே இருக்கிறாரோ அவர் இங்கேயே தங்கிவிடுவார், எந்த அளவில் வந்தாரோ அந்த அளவில். தைரியராஜ் இரண்டு இரவு இதையே யோசித்தான். அடுத்த விமானத்தை எழுபத்திரண்டில் ஒன்று என்ற பெரிய அளவில் செய்தான். ஜென்சி இரண்டு சென்டிமீட்டருக்கு மேலே வந்தாள். இனி பேனா மூடி போதாது, பாட்டில் மூடி வேண்டும் என்றாள். அந்த வாரம் ஜாஸ்லின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா நிஜத்தில் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். தைரியராஜ் பென்சிலை எடுத்து, ஞாபகத்திலிருந்து ஹால் சுவரில் ஒரு கோடு போட்டான். பெண் அதன் கீழே நின்று வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க பெயின்ட் பிரஷ் கழுவப் போனான்.

வருகிற மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்லினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் ஜென்சி புதுக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட வேண்டும், இந்தத் தடவை மூன்று வருஷம். பாட்டில் மூடிக்குப் பக்கத்தில் நின்று அவள் இதைச் சொன்னபோது குரல் முதல் தடவையாக உருவத்துக்குப் பொருத்தமாகச் சிறுத்திருந்தது. டைல்ஸைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் தைரியராஜுக்கு வலித்தது. மறுநாள் காவேரிப் பாலத்தைத் தாண்டி ரங்கநாதன் வீட்டுக்குப் போய் நின்றான். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, நிஜ அளவில் வர வேண்டுமென்றால் ஒன்றுக்கு ஒன்றுதான் செய்தாக வேண்டும் என்றார். முழு விமானத்துக்கு எங்கே போவது? அவள் உட்கார ஒரு சீட்டும், சாய்ந்துகொள்ள ஒரு ஜன்னலும், ஒட்டுவதற்கு ஒரு எண்ணும் இருந்தால் அது அவள் வரையில் விமானம்தானே என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்.

மேல அடையவளஞ்சான் வீதியில் ரங்கநாதன் வீட்டு மொட்டை மாடியில் வேலை ஆரம்பித்தது. பாலக்கரைப் பழைய இரும்புக் கடையில் கழித்துப் போட்ட டவுன் பஸ்ஸின் இரட்டை சீட் ஒன்று ஜன்னல் சட்டத்தோடு கிடைத்தது. பட்டி பார்த்தார்கள். ஒட்டின இடம் கோடாகத் தெரிகிறது என்று ரங்கநாதன் மூன்று தடவை சுரண்ட வைத்தார். தென்னூரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் சம்ரீன் மூன்றடி நீளத்துக்கு டீகால் அச்சடித்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, இதை எந்தப் பாத்திரத்தில் ஊறவைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். ரங்கநாதன் வீட்டுக் கல்யாண அண்டா இறங்கியது. நீல மூடி பாட்டிலில் பாக்கி இருந்ததோ நாலு விரற்கடை. அதை அண்டாவில் கவிழ்த்துவிட்டு, அம்மா மண்டபத்துப் படியிலிருந்து பத்துக் குடம் காவேரித் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். மாதாவும் காவேரியும் தங்களுக்குள் பேசிச் சரிசெய்துகொள்வார்கள் என்று ரங்கநாதன் அபிப்பிராயப்பட்டார். சனிக்கிழமை மத்தியானம் எண் காய்ந்தது. சீட் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மேற்கே போயிற்று.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு அம்மா மண்டபத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் காவேரிக்கு மேலே ஒரு பஸ் சீட் போவதைப் பார்த்தார்கள். மாம்பழச் சாலை ஸ்டாப்பில் காத்திருந்த ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டியும் அது நிற்காமல் போனதாகப் புகார் எழுதிக் கொடுத்தார். ஜென்சி மொட்டை மாடியில் இறங்கினாள். நர்ஸ் உடுப்பு, தலையெல்லாம் காற்றில் கலைந்து, தலை முதல் கால் வரை முழு உயரம். ஆட்டோவில் வீட்டுக்குப் போனதும் ஜாஸ்லின் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பென்சில் கோட்டின் கீழே நிறுத்தினாள். கோடு அவள் தலைக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளியிருந்தது.

“யாருக்குங்க இந்தக் கோடு?” என்றாள் ஜென்சி.

சேலைக்கு மாறிக்கொண்டு, கோயிலில் மகளுக்கு வெள்ளை முக்காட்டைத் தன் கையாலேயே குத்திவிட்டாள். பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, நாலரைக்கு மறுபடி ஸ்ரீரங்கம் மாடிக்கு வந்தார்கள். டீகாலின் ஓரம் தூக்க ஆரம்பித்திருந்தது. கொள்ளிடம் பக்கம் மேகம் கறுத்து வந்தது. ஈரக் காற்று ஏறினால் வார்னிஷ் பால் பாய்ந்து வெளுத்துவிடும், இன்னும் கால்மணி நேரம்தான் என்று ரங்கநாதன் ஸ்ப்ரேயைத் தைரியராஜின் கையில் கொடுத்தார். தானே அடித்துவிடலாமே என்று அவர் கை பரபரத்தது. ஆனாலும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜென்சி சீட்டில் போய் உட்கார்ந்தாள். போவதற்கா இருப்பதற்கா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. தைரியராஜ் ஸ்ப்ரேயைக் குலுக்கினான். கிட்டப் போய்ப் பார்த்தால், எண்ணில் ஏழுக்குப் பக்கத்தில் கடலை அளவு ஒரு காற்றுக் குமிழி. ஊசியால் குத்தி, அழுத்தி, காயவிட்டால் போய்விடும். இத்தனை பாடுபட்டுவிட்டு இந்த ஒரு குமிழியோடு மூடுவதா? அவன் கை கீழே இறங்கிற்று. இதை மட்டும் சரிபண்ணிவிட்டு அடிக்கலாம், அரை நாள் போதும் என்று ஆரம்பித்தான். சொல்லும்போதே, இந்த அரை நாளால்தான் எட்டு வருஷம் போயிற்று என்று அவனுக்கே தெரிந்தது. ஜாஸ்லின் முக்காட்டைக் கழற்றாமல் அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“குமிழி இருந்துட்டுப் போகட்டுங்க,” என்றாள் ஜென்சி. “அடிங்க.”

அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறான் என்று ரங்கநாதன் பின்னாலிருந்து சொன்ன பிறகு கண்ணைத் திறந்துகொண்டு அடித்தான். எண் பளபளத்தது. ஓரம் படிந்தது. சீட் ஒருமுறை அசைந்து, தரையோடு உட்கார்ந்துவிட்டது. முதல் தூறல் ரங்கநாதன் மூக்கில் விழுந்தது. தைரியராஜ் ஸ்ப்ரேயைக் கீழே வைக்கப் போனான்.

“ரெண்டாவது கோட்டு?” என்றாள் அவள்.

சீட் இப்போது மேலப்புதூர் வீட்டு முன்னறையில் கிடக்கிறது. ஜென்சி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், பக்கத்தில் ஜாஸ்லின் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஏர்போர்ட் வழியாக வராததால் அரசாங்கக் கணக்கில் ஜென்சி இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறாள். விசாரிக்க வந்தவர்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்து, தான் இங்கே இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். அலமாரியில் நாற்பத்தொரு விமானமும் அப்படியேதான் நிற்கின்றன, குளியலறை டைல்ஸ் இடுப்போடுதான் இருக்கிறது. பென்சில் கோட்டை யாரும் அழிக்கவில்லை, ஜாஸ்லின் வளர்ந்து அதைத் தொடட்டும் என்று விட்டுவிட்டார்கள். தைரியராஜ் ஆபீஸ் கிளம்பும்போது ஏழுக்குப் பக்கத்தில் உள்ள குமிழியை ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறான்.