வாக்கோவின் தாழி

சிக்னாகி மலையூரின் கோட்டைச் சுவரைப் பயணிகளுக்குக் காட்டிவிட்டு வேனுக்குத் திரும்பிய பிறகுதான் டிரைவர் விஷயத்தைச் சொன்னான். வழக்கமாக மதியம் சாப்பிடும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. வேறு வீடு பார்த்துவிட்டானாம்.

"யார் வீடு?" என்றாள் கைடு இர்மா.

"கீழ ஜெமால் வீடுதான். ஒயினும் நல்லாருக்கும், மனுஷனும் கோப்பையைத் தூக்கினா வாய் ஓயாம வாழ்த்துவாரு. டூரிஸ்ட்டுங்களுக்கு அதானே வேணும்?"

ஜெமால் இர்மாவின் முன்னாள் மாமனார் என்று புதிதாக வேலைக்கு வந்த டிரைவருக்குத் தெரிய நியாயமில்லை. மகன் வாக்கோவைத் தூக்கிக்கொண்டு தலைநகர் திபிலீசிக்குப் போனவள், அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. புருஷன் போலந்துக்கு லாரி ஓட்டப் போய் அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அவனைப் பற்றி அவளுக்கு இப்போது வருத்தம் ஒன்றுமில்லை. போகட்டும், சனியன் விட்டது. உறுத்தியதெல்லாம் ஒரு தாழிதான். வாக்கோ பிறந்த வருஷம் ஜெமால் அவன் பெயரில் ஒயின் நிரப்பி மண்ணில் புதைத்த தாழி. அவன் கல்யாணத்தன்றுதான் அதைத் திறக்க வேண்டும். அதைத் திறந்து டூரிஸ்ட்டுகளுக்கு ஊற்றியிருந்தால், அந்தக் குடும்பத்தில் வாக்கோவுக்கு இடமில்லை என்று அர்த்தம்.

வேன் மலையிறங்கித் திராட்சைத் தோட்டங்களுக்குள் நுழையும்வரை அவள் மைக்கைத் தொடவில்லை. பயணிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வாசலில் நின்ற ஜெமால் அவளைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை.

"வாங்க, கைடம்மா," என்றார்.

சாப்பாட்டின் நடுவில் ரொட்டி தீர்ந்தது. இர்மா யோசிக்காமல் எழுந்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால், துணி போட்டு மூடியிருந்த கூடையை நேராகப் போய் எடுத்து வந்தாள். பாதி வழியில்தான் செய்த காரியம் உறைத்தது. இந்த வீடுகளில் மருமகள் மேஜையில் உட்காருவதில்லை, விருந்தாளி மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை.

"விருந்தாளிங்க எழுந்திருக்கக் கூடாது. உக்காருங்க," என்றார் ஜெமால்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜெமால் கோப்பையோடு எழுந்தார். "பட்டணத்துல ஒரு பையன் இருக்கான். அவங்கம்மா ஊர்ல உள்ளவங்களையெல்லாம் வேன்ல ஏத்திட்டு வந்து அடுத்தவன் வீட்டைக் காட்டுவா. பெத்த புள்ளைக்கு அவன் தாத்தா வீட்டைக் காட்ட மட்டும் அவளுக்கு வழி தெரியாது. அந்தப் பையன் நல்லா இருக்கணும்!"

மொழிபெயர்ப்புக்காக எல்லோரும் இர்மாவைப் பார்த்தார்கள். அவள் அந்த வீட்டில் இருந்தவரை ஜெமாலுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. அந்தத் தைரியத்தில், "இந்த வருஷம் நல்ல விளைச்சலாம். மழைக்கு நன்றி சொல்றாரு," என்று கூசாமல் அளந்துவிட்டாள்.

கோப்பைகள் உயர்ந்தன. தாடி வைத்த டச்சுக்காரர் ஒருவர் மழையின் பெயரைச் சொல்லியே கோப்பையை மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டார்.

பிறகு ஜெமால் எல்லோரையும் ஒயின் கிடங்குக்கு அழைத்துப்போனார். தாழிகளின் வாய்கள் மட்டும் தரை மட்டத்தில் தெரிந்தன. ஜன்னலடியில், மற்றவற்றிலிருந்து தள்ளி, வாக்கோவின் தாழி. மூடியிருந்த கல்லைச் சுற்றிக் களிமண் பூசியிருந்தது. களிமண் காய்ந்தால் வெடித்து, காற்றுப் புகுந்து, உள்ளே எல்லாம் புளித்துப் போகும். யாராவது விடாமல் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். இர்மா செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து தொட்டாள். குளிர்ந்த சேறு விரலில் ஒட்டியது. இத்தனை வருஷமும் தெளித்திருக்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரர் பக்கத்தில் வந்து நெளிந்தார். டாய்லெட் எங்கே என்று கேட்கச் சொன்னார்.

இர்மா ஜெமால் பக்கம் திரும்பினாள். "இவர் ஒண்ணு கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தா, இங்க வாசல்ல யாராவது இருப்பாங்களான்னு."

ஜெமால் தாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருப்பாங்கன்னு சொல்லு. அவங்கம்மாவும் வரணும்னு சொல்லு. ஆனா விருந்தாளியாட்டம் வந்து மேஜையில உக்காந்துக்கற கதையெல்லாம் நடக்காது. ரொட்டியை யார் எடுத்துட்டு வர்றது?"

"சரி மாமா," என்றாள்.

"என்ன சொல்றாரு?" என்று தாடிக்காரர் அவசரப்படுத்தினார். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெமால் அவர் தோளைப் பிடித்து முற்றத்துப் பக்கம் திருப்பிவிட்டார்.

"டாய்லெட், லெஃப்ட் சைடு," என்றார் ஆங்கிலத்தில், கணீரென்று. பிறகு இர்மாவைப் பார்த்து, "ரெயின், வெரி குட்," என்றார்.