பெட்டிக்கடைக்காரரின் வேட்டி

தனபாலுக்குத் துணி செய்வதுதான் தொழில். ஆனால் வீட்டில் ஊசி நூல் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொம்மை மனிதர்களுக்குச் சட்டையும் வேட்டியும் சேலையும் செய்து மாட்டிவிடுவான். மலைமேல் இருக்கும் அவன் ஊர்ப்பக்கமான வளப்பூர் நாட்டில் இதைப் புரியவைக்கப் போய் அவனுக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம். "பொம்மைக்குத் துணி போட்டுவுட மெட்ராஸ்ல ஒரு ஆபீசா சாமி?" என்று பக்கத்து வீட்டுப் பாப்பாயி இன்றைக்கும் கேட்பாள்.

மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பொம்மைகளுக்கு ஒரே உடம்பு கிடையாது. திரையில் ஒரு பட்டனை இந்தப் பக்கம் இழுத்தால் ஒல்லி, அந்தப் பக்கம் இழுத்தால் தொப்பை. உடம்பு மாறும்போது துணியும் கூடவே மாற வேண்டும். இல்லாவிட்டால் தொப்பை சட்டையைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும், மானம் போகும். அதுவும் போதாது. பொம்மைக்குள் எலும்புகள் உண்டு. துணியின் ஒவ்வொரு இடமும் எந்த எலும்பின் பேச்சை எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். முழுக்கக் கேட்கிற இடத்துக்குச் சிவப்புப் பூசுவான். கேட்கவே கூடாத இடத்துக்கு நீலம்.

அப்படித்தான் ஒரு பெட்டிக்கடைக்காரருக்கு வேட்டி கட்டி அனுப்பியிருந்தான். சென்னையில் ஒரு கார்ட்டூன் பட கம்பெனி கொடுத்த வேலை அது. கடைக்காரர் படத்தில் இருபது வயதில் ஒல்லியாக வந்து ஐம்பது வயதில் தொப்பையோடு முடிகிறார், வேட்டி மட்டும் அதே வேட்டி. இது சரியாக வந்தால் படத்தில் வரும் மற்றவர்களின் துணியும் தனபாலுக்குத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து அருள்மொழி கூப்பிட்டாள்.

"தனபால் சார், நடக்கும்போது அருமையா இருக்கு. ஓடுறார், குனியுறார், தொப்பையை ஏத்தினாலும் எங்கயும் பிதுங்கல. ஆனா உட்கார வச்சுப் பாத்தீங்களா?"

"உட்கார... இல்லீங்க."

"முட்டி ரெண்டும் வேட்டியைக் கிழிச்சிட்டு வெளிய வருது. அவர் கடைக்காரர் சார். படம் முழுக்க உட்கார்ந்துதான் இருப்பார்! ஆறு மணிக்கு டைரக்டர் பாக்குறார். அதுக்குள்ள வரலன்னா வேற ஆள்கிட்ட போயிரும். என் கையில ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டுத் தனபால் தலையில் அடித்துக்கொண்டான். அட, இதை யாரிடம் சொல்லி அழுவது! நிற்க, நடக்க, ஓட, ஏணி ஏற என்று பொம்மையைப் பாடாய்ப் படுத்திப் பார்த்தவன், உட்கார வைத்துப் பார்க்க மறந்துவிட்டான். அதுவும் யார்? ஆறு வருடமாகச் சக்கர நாற்காலியை விட்டு எழுந்தே இராத தனபால்.

சேலத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தவன், மிளகு பறிக்க ஊருக்கு வந்த இடத்தில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணி சறுக்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த ஆடிக்கு நடந்தே கோயிலுக்கு வாரேன் பாருங்க" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஆறு ஆடி போய்விட்டது, இன்னும் சொல்கிறான். உட்கார்ந்திருப்பது அவனைப் பொறுத்தவரை பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. அது ஒரு நிலை என்றே அவன் எண்ணியதில்லை. கம்பெனியிலும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வேலையில் இறங்கினான். தொடையை மடக்கினால் வேட்டி அட்டைப்பெட்டி போல் விறைத்து நின்றது. இளக்கினால் முட்டி எட்டிப் பார்த்தது. வேட்டி கட்டி உட்கார்ந்தவர்களின் படத்தை இணையத்தில் தேடினால், வந்தவர்கள் எல்லாரும் நிற்கிற மாப்பிள்ளைகள். மணி ஒன்றாகிவிட்டது.

மரவள்ளிக் காட்டிலிருந்து மனைவி கண்ணாயி வந்தாள். தட்டில் போட்டு வைத்த சோறு அப்படியே இருந்தது.

"ஏனுங்க, இன்னும் திங்கலீங்களா?"

"அட போ புள்ள. வேட்டி கட்டி உக்காந்தவன் படம் ஒண்ணு கெடைக்கல. அத்தன பேரும் நிக்கறானுங்க."

"நீங்க உக்காந்துதானுங்க இருக்கறீங்க? அதையும் இதையும் எதுக்குத் தேடறீங்க?"

அவள் குத்திக் காட்டவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். தனபாலுக்கு வந்ததே கோபம்!

"நான் என்ன ஆயுசுக்கும் உக்காந்தே கெடக்கறவனா? யாரைப் பாத்து என்ன பேசற?"

கண்ணாயி தட்டை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கூப்பிடவும் வாய் வரவில்லை.

ஒரு மணி நேரம் வீம்பாகவே போனது. பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மடிமேல் எப்போதும் கிடக்கும் போர்வையை எடுத்தான்.

ஆறு வருடத்தில் அவன் தன் மடியைச் சரியாகப் பார்த்தது அன்றுதான். கால்கள் குச்சி குச்சியாக இளைத்திருந்தன. அது தெரிந்ததுதான், இருந்தாலும் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு மறுபடி குனிந்தான், இந்தத் தடவை தொழில்காரனாக.

அவன் கட்டியிருந்த வேட்டி தொடைகளின்மேல் படிந்திருந்தது. இரண்டு தொடைக்கும் நடுவில் இருந்த துணி மட்டும் யார் பேச்சையும் முழுசாகக் கேட்காமல், பாதி இதற்கும் பாதி அதற்குமாகத் தொய்ந்து குழிந்து கிடந்தது. அங்கே சிவப்பும் கூடாது, நீலமும் கூடாது. இடுப்புக் கட்டின்மேல் வயிறு மடிந்து உட்கார்ந்திருந்தது. 'அடப்பாவி, எனக்கு எப்போது தொப்பை வந்தது!' என்று அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பொம்மையின் வயிற்றை ஏற்றி, கால்களை ஒல்லியாக்கித் தன் உடம்பாகவே ஆக்கிக்கொண்டான். மடியைப் பார்ப்பான், திரையில் பூசுவான், மறுபடி மடியைப் பார்ப்பான். ஐந்தேகாலுக்குக் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முட்டி வெளியே வரவில்லை. சிக்னல் நின்று நின்று வந்து, ஒருவழியாக ஃபைல் போய்ச் சேர்ந்தது.

ஆறரைக்கு அருள்மொழி கூப்பிட்டாள்.

"சார், டைரக்டர் ஓகே சொல்லிட்டார்! மடியில தொய்ஞ்சு கிடக்குதே, அதைப் பாத்து, எங்க மாமா உட்கார்ற மாதிரியே இருக்குன்னு சிரிச்சார்."

தனபாலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கடைசியில அவர் எழுந்து கடையைச் சாத்திட்டுப் போறார். எழுந்திருக்கறப்ப மடிப்பு எப்படி விழுதுன்னு பாக்கணும். நீங்களே வேட்டி கட்டி, உட்கார்ந்து எழுந்து, போன்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்களேன்."

'சரிங்க' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. யாரையாவது எழுந்து நிற்க வைத்துப் படமெடுத்து அனுப்பலாம். முகமா தெரியப்போகிறது? உண்மையைச் சொன்னால் கிடைத்த வேலையும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் நாள் முழுக்க மடியையே பார்த்திருந்தவனுக்குப் பொய் வாயில் வரவில்லை.

"மேடம், என்னால எந்திரிக்க முடியாதுங்க. முதுகெலும்புல அடிபட்டு ஆறு வருசம் ஆச்சு. இனிமே எந்திரிக்கவும் மாட்டனுங்க."



"சரி சார். எழுந்திருக்கறதை நான் எங்க அப்பாவை வச்சு எடுத்து அனுப்புறேன். படத்துல வர்ற மத்த பன்னெண்டு பேரும் திங்கட்கிழமை உங்ககிட்ட வந்துருவாங்க. அதுல எட்டுப் பேரு உட்கார்ந்து வேலை செய்யறவங்க. பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். கண்ணாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"போன்ல என்னங்க சொன்னீங்க?"

"கேட்டயில்ல?"

"எங்கிட்டச் சொல்லுங்க."

வேறு யாரிடம் சொல்வதையும்விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் இனிமே எந்திரிக்க மாட்டேன், கண்ணாயி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான். யாரும் யாரையும் தேற்றவில்லை. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பக் கொத்தனார் செல்வத்தை வரச் சொல்லட்டுங்களா? வாசப்படிய இடிச்சுச் சாய்வாப் போட்டா உங்க சக்கர வண்டி வெளிய போகுமுங்க."

"அளவு எடுக்கணுமே புள்ள."

"நாலு வருசமா எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றாள் கண்ணாயி.