இடப்பக்கப் பாரம்

கடைசிக் காற்றுக் குழாயையும் இறுக்கிவிட்டு, சீமோன் அந்தக் கறுப்பு பிக்கப்பை லிஃப்டிலிருந்து கீழே இறக்கினார். ஏறிச் சாவியைத் திருப்பியதும் பின்பெட்டியிலிருந்த, காற்றடிக்கும் கொம்பிறசர் உறுமியது. ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக அவர் பூட்டியிருந்த நான்கு காற்றுப் பைகளும் மெல்ல உப்பின. தரையோடு கிடந்த வண்டி, படுத்திருந்த மாடு எழும்புவதுபோலப் பின்பக்கம் முதலும் முன்பக்கம் பிறகுமாக எழும்பி நின்றது.

வண்டி றோயினுடையது. ஆசைப்பட்டு அதைத் தாழ்த்தியவன் அவன்தான். விட்பி நகரில் புதுவீடு வாங்கியபிறகு, வாசல் ட்ரைவ்வே ஏற்றத்தில் அடிப்பாகம் உரசும் சத்தம் தெருவுக்கே கேட்டது. மனைவி நிரோஷினிக்கு அது பெரிய வெட்கம். காற்றுப் பை போட்டால் வேண்டிய நேரம் உயர்த்தலாம் என்று சாமான்களை வாங்கி பேஸ்மென்றில் வைத்திருந்தான். இலையுதிர் காலத்தில் ஒருநாள், வேலையால் வந்து வண்டியை நிறுத்தியவன் இறங்கவேயில்லை. மாரடைப்பு. பெட்டி உடைக்காத சாமான்களோடு வண்டியை அஜின்கோர்ட்டிலிருந்த சீமோனின் கராஜுக்குக் கொண்டுவந்தவள் நிரோஷினிதான். "பிக்கரிங்கில ஒருத்தர் வாங்கக் கேட்டிருக்கிறார். விக்கிறதுக்கு முதல் இவர் நினைச்சதைச் செய்து குடுங்கோ அண்ணை" என்றிருந்தாள்.

சீமோன் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, சுவரோரம் நின்று கையைத் துடைத்தார். அப்போதுதான் வண்டியின் இடது முன்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்தது. உடனே கொம்பிறசர் ஓடி, தாழ்ந்த பக்கத்தை நிமிர்த்திவிட்டு நின்றது. அந்த அசைவை அவருக்கு நன்றாகத் தெரியும். பாரம் ஏறினால் தாழும் பக்கத்துக்குக் காற்றை அனுப்பி மட்டமாக்குவதுதான் அதன் வேலை. ஆள் ஏறி உட்காரும்போது வண்டி செய்வது அது.

எங்கோ லீக் என்று நினைத்தார். சவர்க்கார நீர் தெளித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சென்சரை மாற்றிப் பார்த்தார். மீற்றர் இடது முன்பக்கப் பையில் அழுத்தம் கூடவென்றே காட்டியது. அவரைக் குழப்பியது அதுதான். காற்றுப் போகிற பை, பாரம் சுமப்பதாகக் காட்டாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வலப்பக்கக் கதவைத் திறந்து தானே ஏறி உட்கார்ந்தார். வலப்பக்க முள் ஏறி, இடப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அவரைவிடக் கொஞ்சம் பாரமான ஆள். சீமோன் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே இறங்கி, உறங்குகிறவர் பக்கத்தில் சாத்துவதுபோலக் கதவைச் சாத்தினார். பிறகு ரேடியோவையும் நிறுத்தினார்.

பின்னேரம் நிரோஷினி புறநகர் ரயிலால் இறங்கி, பஸ் பிடித்து வந்தாள். காலணியில் பனி ஒட்டியிருந்தது.

"சரியே அண்ணை?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தார். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "வேலை சரி, தங்கச்சி. ஆனா உதுக்குள்ள ஆரோ இருக்கிற பாரத்தைக் காட்டுது. எல்லாம் பாத்திட்டன். ஒரு பிழையும் இல்லை."

அவள் திடுக்கிடவில்லை. "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். ட்ரைவர் இருக்கிற பக்கம்."

கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். "உது வீட்டில நிக்கேக்கையும் எனக்கு அப்பிடித்தான் இருந்தது. பிள்ளையளுக்குச் சொல்லேல்ல."

"வேணுமெண்டா எல்லாத்தையும் கழட்டிப் பழைய ஸ்பிரிங்கையே போட்டுத் தாறன்."

"கழட்டினா?"

"பிறகு உது தெரியாது."

"தெரியாது எண்டு சொல்லுங்கோ. இல்லாமப் போகாதுதானே."

அவள் போய் ட்ரைவர் கதவைத் திறந்தாள். ஒட்டி இருந்தால் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரே நீள இருக்கை. அதில் ஒன்றுமில்லை. ஏறாமல், கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, கோயில் வாங்குப் பலகையில் இடம் கேட்பவளைப்போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ."

இடப்பக்கம் உயர்ந்து, உஸ்ஸென்று காற்றை விட்டது. வலப்பக்கம் தாழ்ந்தது. கொம்பிறசர் ஓடி நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். இப்போது இடப்பக்கமும் தாழ்ந்து நிமிர்ந்தது.

கண்ணாடியை இறக்கி, "வாங்க இருக்கிறவருக்கு நான் என்னண்ணை சொல்லுறது?" என்று கேட்டாள்.

அவர் சங்கிலியை இழுத்துக் கராஜ் கதவை உயர்த்தினார். குளிர் உள்ளே பாய்ந்தது. பிக்கப் மெதுவாக வெளியேறி, ஷெப்பர்ட் வீதிச் சிவப்பு விளக்கில் போய் நின்றது. சீமோன் ஜாக்கெற் இல்லாமலே வாசலுக்கு வந்து பார்த்தார். பின்கண்ணாடியில் அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. அது வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு கை நீண்டு, மறுபக்க பெல்ட்டைப் பிடித்து, நிறைய இழுத்து, ஒரு பெரிய உடம்பைச் சுற்றிக் கொண்டுவருவதுபோல அகலமாக வளைத்து மாட்டியது. விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற காரொன்று ஹோர்ன் அடித்தது. பெல்ட்டைச் சரிபார்த்த கை இன்னும் திரும்பவில்லை.