தோட்டத்துக்கு ஒரு துறவி

கண்ணாடிக் கடைக்காரருக்கு நாற்பத்தெட்டு வயதில் தோட்டப் பைத்தியம் பிடித்தது. நாலு செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிற சாதாரணப் பைத்தியமாக இருந்திருந்தால் அவர் மனைவி வாயே திறந்திருக்க மாட்டாள். இவருக்குப் பிடித்தது சரித்திரப் பைத்தியம். உலகத் தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லும் தலையணை மாதிரியான புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து சுமந்து வந்து, ராத்திரி பகல் பாராமல் படித்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த இடமோ, இரண்டு கட்டில் போட்டால் மூன்றாவதைச் சுவரில்தான் சாத்த வேண்டும்.

முதலில் பிரெஞ்சு அரசர்கள் பாணியில் ஒரு புதரைக் கூம்பாக வெட்டினார். இடப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் வலப்பக்கம் தூக்கியது. மாற்றி மாற்றி வெட்டியதில் பொழுது சாய்வதற்குள் புதர் கைத்தடி ஆகிவிட்டது. பிறகு ஜப்பான் மடாலயங்களில் செய்வதுபோல் வெள்ளைச் சரளையைப் பரப்பி, வாரியால் அலை அலையாகக் கோடு இழுத்தார். பார்த்தால் கடல்போல் இருக்கும், மனம் அடங்கும் என்று புத்தகம் சொன்னது. தெருப் பூனைகளுக்கு அது கடலாகத் தெரியவில்லை. காலையும் மாலையும் வந்து காரியத்தை முடித்து, நாகரிகமாக மூடிவிட்டுப் போயின. பாரசீக பாணியில் வெட்டிய வாய்க்கால் மட்டும் நன்றாகவே ஓடியது, நேராகச் சமையலறைக்குள்.

"இன்னொரு நாட்டுக்காரன் என் அடுப்படிக்குள்ள வந்தான்னா, எனக்குக் கெட்ட கோவம் வரும்," என்றாள் மனைவி, துடைப்பமும் கையுமாக.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் தம்பி வந்து சேர்ந்தான். வேலை போய்விட்டது, வேறு கிடைக்கிறவரை இருக்கிறேன் என்று ஒரு பையோடும் மழிக்காத தாடியோடும் வந்தவன், வாயை மட்டும் பத்துப் பை அளவுக்குக் கொண்டு வந்திருந்தான். பல் தேய்க்கும்போதும் பேசினான். குளியலறைக்குள்ளிருந்தும் பேசினான். கடைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால், "என்ன அத்தான், காது வலியா?" என்று அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். வேலை தேடுகிற பேச்சு மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

காதில் பஞ்சோடு புத்தகத்தைப் புரட்டிய ஒருநாள் கடைக்காரர் துள்ளி எழுந்தார். இங்கிலாந்துப் பிரபுக்கள் ஒருகாலத்தில் தங்கள் தோட்டங்களில் அழகுக்காகத் துறவிகளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். துறவி முடி வெட்டக்கூடாது, நகம் வெட்டக்கூடாது. முக்கியமாக, பேசக்கூடாது.

"மாப்ளே, உனக்கு ஒரு வேலை இருக்கு!"

"என்ன வேலை அத்தான்?"

"தோட்டத்துல உக்காரணும். சாப்பாடு இருக்கற எடத்துக்கே வரும். ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மனைவி இடுப்பில் கைவைத்தாள். "என் தம்பி என்ன, தொட்டிச் செடியா?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் தம்பி. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரும் என்றதிலேயே அவன் மனம் துறவில் தோய்ந்துவிட்டது.

பழைய திரைச்சீலை ஒன்று அங்கியானது. கருவிகள் வைக்கிற தகரக் கொட்டகை குகையானது. அடுத்த வாரம் தெருத் தோட்டப் போட்டி. வருடா வருடம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் ரோஜாவுக்கே பரிசு போகும். இந்த வருடம் பார்க்கிறேன் என்று கறுவினார் கடைக்காரர்.

ஆச்சரியம், தம்பி பேசவில்லை. அதைவிட ஆச்சரியம், தெருவே அவனிடம் பேச வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுதாள். தபால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு முட்டிவலியைச் சொன்னார். தம்பி தலையாட்டினான், அவ்வளவுதான். வந்தவர்கள் பாரம் இறங்கின முகத்தோடு போனார்கள். பல் டாக்டரும் வேலிக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார். போட்டியை நினைத்து வயிறு எரிகிறார் என்று கடைக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

போட்டியன்று காலை காப்பியோடு போனால், கொட்டகை காலி.

"மாப்ளே! மாப்ளே!"

வேலிக்கு அப்பால் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தார். ரோஜாக்களுக்கு நடுவே மரக்கட்டில், மெத்தை, மேலே ஓலைப் பந்தல், ஒரு மேசை விசிறி. புத்தம்புதுக் காவி அங்கியில், எண்ணெய் தடவிய தாடியோடு அவர் மைத்துனன் கண் மூடி உட்கார்ந்திருந்தான்.

"என்ன டாக்டர் இது அநியாயம்! என் துறவியைக் கடத்திட்டீங்க!"

"கடத்தலாவது! நல்ல வசதி பண்ணித் தர்றேன்னு கேட்டேன், தலையாட்டினார். கடைவாய்ப் பல்லு ரெண்டும் இலவசமா அடைச்சுக் குடுத்திருக்கேன்," என்றார் டாக்டர்.

"அவன் எதுக்கும் தலையாட்டுவான்யா! அதான் அவன் வேலையே!"

நடுவர்கள் வந்தார்கள். மூவரும் வரிசையாகத் துறவி முன் உட்கார்ந்து தங்கள் குறைகளைச் சொன்னார்கள். ரோஜாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரிசு டாக்டருக்கே போனது.

அன்று சாயங்காலம் கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வேலியைத் தாண்டினார். போகும்போது வேட்டி முள்ளில் கிழிந்தது.

"உனக்கு என்னடா குறை வெச்சேன்? சொந்தம்னுகூடப் பாக்காம வேலி தாண்டிட்டியே! எனக்குன்னு ஒரு பரிசு, ஒரே ஒரு பரிசு, என் ஆயுசுல கெடையாதுடா. பள்ளிக்கூடத்துல சாக்கு ஓட்டத்துலகூட நாலாவதுதான்..."

தம்பி தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. எண்ணெய் பட்டதாகவும் இருக்கலாம். கடைக்காரர் சாக்கு ஓட்டத்தில் ஆரம்பித்து, கடையில் வியாபாரம் மந்தம், தலைமுடி கொட்டுவது, மனைவி தன் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்பதுவரை கொட்டித் தீர்த்தார். எழுந்தபோது உடம்பே பஞ்சாகிவிட்டது. தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, விசிறியை அவன் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்து வந்தார்.

"நல்லாக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன். தங்கமான பையன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, உன் பெரியப்பா பையன் ஒருத்தன் இருப்பானே, தாடியோட, அவன் இப்ப எங்க இருக்கான்?"

மனைவி எழுந்துபோய்ப் பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.