வியாழக்கிழமைச் சாப்பாடு

கல்பகம் விசிறியை நிறுத்தவே இல்லை. ஐஸ் பெட்டிக்குள் படுத்திருப்பவருக்கு விசிறி எதற்கென்று மருமகள் ப்ரியா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நேற்று ராத்திரி மோர்சாதம் சாப்பிட்டுப் படுத்த மனுஷன் காலையில் எழுந்திருக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டாமா?

மகன் சங்கர் வேனுக்காக வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான். ஹைடெக் சிட்டி வேலைக்கு மகனும் மருமகளும் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை அரவமே இருக்காத அந்த மல்காஜ்கிரி ஃப்ளாட்டுக்குள், முன்பின் தெரியாத வயசாளிகள் நாலைந்து பேர் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். முன்னால் வந்த அம்மாள் கையில் டிபன் கேரியர்.

"நான் வசந்தகுமாரி, ரிட்டயர்டு டீச்சர். ஜம்புநாதன் சார் வியாழக்கிழமையானா எங்க லஞ்ச் கிளப்லதான் சாப்பிடுவார். இன்னிக்குக் காணோமேன்னு போன் பண்ணா இப்படிச் சொல்றாங்க." கல்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அவரோட அக்காவா?"

அக்காவாம்! 'நான் அவர் பெண்டாட்டி' என்று வாய்வரை வந்தது. ஆனால் வியாழக்கிழமை லைப்ரரிக்குப் போவதாக அல்லவா சொல்வார்?

"என்ன கிளப்பு?" என்றாள்.

"தனியா இருக்கற பெரியவங்களுக்கு மட்டும்மா. துணையில்லாம உக்காந்து சாப்பிட்டா தொண்டைல இறங்குமா? சம்சாரம் போனப்புறம் சாருக்கு அப்படித்தான் ஆச்சாம்."

"போனப்புறமா?"

"ஹவ், ஆமாம்மா. கல்பகம் கல்பகம்னு வாய் ஓயாதே! எங்க சாம்பாரை வாயில வச்சதும், 'கல்பகம்னா இதுல துளி வெல்லம் போட்டிருப்பா'ன்னுவார். அவங்க சிரிச்சா மூக்குத்தியும் சேர்ந்து சிரிக்குமாமே? சொல்லிட்டு ஒருநாள் அழுதுட்டார்."

உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட "ம்" என்பதற்குமேல் வாய் திறக்காத மனுஷன்! கல்பகத்துக்கு ஆத்திரம் வந்தது, சிரிப்பும் வந்தது, என்ன வருகிறதென்றே புரியவில்லை. உயிரோடு இருக்கிறவளைக் கொன்றுவிட்டு அவளுக்காக ஊரார் முன்னால் அழுதிருக்கிறார். மத்தியானம் அவர் தட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு, தான் சீரியல் முன்னால் உட்கார்ந்துவிடுவது நினைவுக்கு வந்தது. அதற்காகவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிவியை அணைத்திருக்க மாட்டாளா? படுபாவி, இனி யாரைப் போய்க் கேட்பது?

"அவங்க படம் எங்கே மாட்டியிருக்கு?" வசந்தகுமாரியின் கண்கள் சுவரில் தேடின.

அதற்குள் வேன் வந்துவிட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். சங்கர் வாய்க்கரிசி போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா, அப்பாவுக்கு நீ போட வா."

டீச்சரின் பிடி நழுவியது. "அய்யய்யோ... அப்போ நீங்க..."

கல்பகம் அரிசியை அள்ளி அவர் உதட்டில் போட்டாள். மீதி அரிசி இருந்த தட்டை எடுத்துக்கொண்டு நேராக டீச்சரிடம் வந்தாள்.

"நீங்களும் போடுங்க."

"நக்கோம்மா, வேண்டாம், நான் யாரு போடறதுக்கு?"

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே?" என்றாள் கல்பகம்.

டீச்சர் கேரியரைக் கீழே வைத்தாள். தட்டுக்கு நீண்ட கை அரிசியைத் தொடவில்லை. கல்பகத்தின் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.