பார்க்காத மூலை

அவளுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அடுப்பில் வைத்த பாலை நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்க்கிற ரகம். காலையில் எத்தனையாவது முறையாகவோ, "கோவமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"இல்லாமத்தான் இருந்துச்சு. நீ கேட்டுக் கேட்டு வர வெச்சுட்ட" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான். வெள்ளியும் செம்பும் ஒட்டாத ஜென்மங்கள்; உருக்கிச் சேர்த்தாலும் ஆறும்போது தனித்தனியாக ஒதுங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்துகளாகச் செய்தால் கலந்தே நிற்கும், உலைச் சூட்டிலும் பிரியாது என்று நிரூபிக்கத்தான் வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறாள். மதியம் பேராசிரியர் அதைக் கருத்தரங்கில் சொல்லப்போகிறார். உலையில் சுட்டெடுத்த துகள்கள் கலந்திருந்தால் அவளுக்குப் பட்டம். பிரிந்திருந்தால் எல்லாம் பாழ்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் முதல் படம் அருமையாக வந்தது. வெள்ளிக்கு நீலம், செம்புக்குச் சிவப்பு என்று கணினி தீட்டியதில் எல்லாத் துகளும் ஒரே ஊதா. அதோடு எழுந்திருக்க வேண்டியதுதானே? மனசு கேட்கவில்லை. அதே இடத்தை மறுபடி பார்த்தாள், இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். நாலைந்து படம் தாண்டியதும் நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.

பேராசிரியர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"பிரிஞ்சுடுச்சு சார்."

"உலையிலயா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். உலையிலிருந்து வந்தபோது ஊதாவாகத்தானே இருந்தது? அப்புறம் அதன்மேல் விழுந்தது, படமெடுக்க அவள் பாய்ச்சிய எலக்ட்ரான் கற்றை. சூட்டைவிட முரட்டு அடி அது. குடைந்து குடைந்து பிரித்தது அவளேதான். காலையில் கணவன் சொன்னது காதில் கேட்டது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

அதுவரை பார்க்காத ஒரு மூலைக்கு நகர்த்தி, கற்றையைக் குறைத்து, ஒரே ஒரு படம் எடுத்தாள். ஊதா.

"சந்தேகத்துக்கு இன்னொண்ணு எடுத்துடலாமா?"

"இதே இடத்துல வேணாம் சார். புது இடமா பாத்து எடுப்போம்."

அதுவும் ஊதாதான். கை தானாகப் போனை எடுத்தது. 'கோவம் போச்சா' என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டி, மறுபடி அழித்தாள். பிறகு எழுந்துபோய்ப் போனைப் பேராசிரியரிடம் நீட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் இத நீங்க வெச்சுக்குங்க சார். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."